கொழுப்பில் தங்கும் நஞ்சு: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நீண்டகாலம் அழியாத நச்சு இரசாயனங்களைப் பற்றி நம் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, நெடுங்காலம் இரசாயனவியல் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

தம்பலகாமத்து விவசாயி ஒருவர்: ஐயா, டி.டி.டி. என்ற பூச்சிகொல்லி மருந்தை நிறுத்திப் பல காலமாயிற்றே, இன்னும் ஏன் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்?

என் சிறுவயதில், மலேரியாவுக்கு மருந்தடிப்பவர்கள் வந்துபோன பிறகு எங்கள் மண் சுவரில் வெள்ளைப் பொடி மாதக்கணக்கில் படிந்திருக்கும்; கை வைத்தால் விரலில் ஒட்டும். அப்படி அழியாமல் நின்றதால்தான் அது நுளம்பைக் கொன்றது. 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளர்களே பதிவாகினர் என்பதையும், தெளிப்பைத் தளர்த்திய சில ஆண்டுகளிலேயே நோய் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பின்னர் நுளம்பு அம்மருந்துக்குப் பழகிவிட்டதால், 1977இல் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாறினார்கள். ஆனால் மண்ணில் விழுந்த டி.டி.டி. பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டுகள் வரை செல்லும். அது சிதைந்து உருவாகும் டி.டி.ஈ.யும் எளிதில் அழியாது. பருந்து போன்ற பறவைகளின் முட்டை ஓட்டை மெலியச் செய்து, அடைகாக்கும்போதே உடையவைத்தது இந்த டி.டி.ஈ.தான்.

கிண்ணியாவிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: இந்த நஞ்சுகள் கடலில் கலந்தால் கரைந்து போய்விடாதா? மீனை நம்பிச் சாப்பிடலாமா?

இவை தண்ணீரில் ஏறக்குறைய கரையாதவை. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரைபவை. எனவே ஆற்றோடு வரும் சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்டு கடலுக்குப் போய், அங்கே நுண்ணுயிரின் கொழுப்பில் ஏறுகின்றன. அவற்றைச் சூடை தின்கிறது, சூடையைச் சூரை தின்கிறது, சூரையைச் சுறா தின்கிறது. உண்ட இரை செரித்துப் போனாலும் அதிலிருந்த நஞ்சு வெளியேறாமல் தங்குவதால், ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு பன்மடங்காகிறது. ஆழ்கடலில் வாழும் பல்லுள்ள திமிங்கிலங்கள்கூட, தம் கொழுப்பில் சேர்ந்ததைப் பாலின் வழியே தலைக்கன்றுக்கு ஊட்டிவிடுகின்றன.

மீனைக் கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து. சூடை, கீரி, நெத்தலி போன்ற குறுகிய ஆயுளுள்ள சிறு மீன்களை அதிகம் உண்ணுங்கள். பெரிய மீனென்றால் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் ஈரலையும் நீக்கிவிடுங்கள். கொதிக்கவைப்பதால் இந்த நஞ்சு அழியாது.

உப்புவெளியிலிருந்து ஓர் இளம் தாய்: தாய்ப்பாலிலும் இது இருக்குமாமே, பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பயமாக இருக்கிறது, சேர்.

மகள், தயங்காமல் கொடுங்கள். தாய்ப்பாலில் கொழுப்பு இருப்பதால் இவை சிறிதளவில் அதிலும் காணப்படுவது உண்மைதான். ஆயினும் முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது இதையெல்லாம் அறிந்துதான். சுவீடனில் இந்த இரசாயனங்களைத் தடைசெய்த பின்னர், 1970களிலிருந்து தாய்ப்பாலில் அவற்றின் அளவு ஆண்டாண்டாகக் குறைந்து வந்திருக்கிறது. நஞ்சைத் தடுக்க வேண்டிய இடம் தொழிற்சாலையும் சட்டமும், தாயின் மார்பல்ல.

சீனக்குடாவில் வெல்டிங் வேலை செய்யும் ஒருவர்: பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெயை வெல்டிங் பெட்டிக்கு ஊற்றுகிறோம். ஆபத்தா?

ஆம். பழைய எண்ணெயில் பி.சி.பி. எனப்படும், குளோரின் சேர்ந்த இதே வகை நஞ்சு கலந்திருக்கலாம். பார்த்தோ முகர்ந்தோ அதை அறிய முடியாது. இத்தகைய அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான, இலங்கையும் 2005இல் ஏற்றுக்கொண்ட ஸ்டொக்ஹோம் சமவாயம், 2025க்குள் பி.சி.பி. உள்ள கருவிகளைப் பாவனையிலிருந்து நீக்கவும், 2028க்குள் அக்கழிவுகளைப் பாதுகாப்பாக அழிக்கவும் முயலும்படி கேட்கிறது. வெறுங்கையால் தொடாதீர்கள், மண்ணில் ஊற்றாதீர்கள், பரிசோதிக்காத எண்ணெயை வாங்காதீர்கள்.

மாணவி ஒருவர்: பொலித்தீனும் இந்த வகைதானா?

இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் சில பொருள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை, வெயிலில் பிளாஸ்டிக் கெடாதிருக்கச் சேர்க்கும் யு.வி.-328 என்ற ஒன்று 2023இல் அதே சமவாயத்தின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: குப்பையை வளவுக்குள்ளேயே எரித்துவிடுகிறோம். அதில் என்ன தவறு?

இக்கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன், ஏனெனில் மற்றவற்றில் நம் கையில் இருப்பது சிறிது. இதில் முழுவதும் நம் கையில் இருக்கிறது. பி.வி.சி. குழாயும், செம்புக்காக எரிக்கும் வயரும், கலந்த குப்பையும் குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது டயொக்சின் என்ற, இதே வகையைச் சேர்ந்த கொடிய நஞ்சு உண்டாகிறது. அதை அழிக்க 850 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்; வளவில் மூட்டும் தீ அதைத் தராது. உடலுக்குள் போன டயொக்சின் பாதியாகக் குறைய 7 முதல் 11 ஆண்டுகள் செல்லும்.

அது புகையாக மட்டும் வருவதில்லை. நெருப்பு ஆறியதும் கோழிகள் அந்தச் சாம்பலைத்தான் முதலில் கிளறும். மண்ணோடு சேர்த்துக் கொத்தி விழுங்கும். நஞ்சு முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பில் சேரும். மறுநாள் காலையில் அந்த முட்டையை அவித்துப் பிள்ளைக்குக் கொடுப்போம். ஆகவே, காய்ந்த இலையைக் குழியிலிட்டு மக்கவிடுங்கள், பிளாஸ்டிக்கையும் வயரையும் பிரித்துக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். முன்பு எரித்த இடத்தில் கீரை விதைக்காதீர்கள்; கோழிகள் போகாதபடி அதைச் சுற்றி இன்றே வேலி அடைத்துவிடுங்கள்.