நாடாவில் திகதிகளைக் கேளுங்கள்

அன்பின் அக்கா,

கிசிஞ்சரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அமெரிக்க ஜனாதிபதி நிக்சனும் அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகரான கிசிஞ்சரும் தனியறையில் கதைத்த நாடாப் பதிவுகளை வைத்து அவர்கள் மீது கடுமையாகக் குற்றம் சாட்டுகிறீர்கள். கதவைச் சாத்திவிட்டால் எல்லாரும் வாயில் வந்ததைத்தானே கதைப்பார்கள்? எங்கள் வீட்டுக் கதையை யாராவது பதிவு செய்தால் நாங்களும் தலைகுனிய வேண்டிவரும். ஐம்பது வருசம் கழித்துக் கொழும்பில் இருந்து அதைக் கேட்டு எங்களுக்கு என்ன வரப்போகிறது? அப்பா 1987 ஜூலை ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர். "எங்கட தலையெழுத்தை எழுதின கதையே எங்களுக்குத் தெரியாது, உனக்கு ஏன் வியட்நாம் கதை?" என்கிறார்.

கொட்டாஞ்சேனை வாசகர்

அன்பின் தம்பி,

வாயில் வந்த வசைக்காக நான் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. இந்திரா காந்தியை இருவரும் எப்படித் திட்டினார்கள் என்பதைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அது அசிங்கம்தான், ஆனால் அந்தச் சொற்களால் ஒரு உயிரும் போகவில்லை. நான் அந்த நாடாக்களில் தேடுவது திகதிகளை. எந்த மாதத்தைச் சொல்கிறார்கள், ஏன் அந்த மாதம் என்பதை.

1972 ஒகஸ்ட் 3ஆம் திகதிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கிறது. வெள்ளை மாளிகையில் நிக்சனின் ஓவல் அலுவலக மேசைக்குள்ளேயே ஐந்து மைக்குகளைப் புதைத்திருந்தார்கள். அதனால் கோப்பையை வைக்கிற சத்தம்கூடக் காதில் இடிக்கும். வெள்ளவத்தையில், காலி வீதி அடங்கிய பிறகு, ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டேன். அமெரிக்கா தாங்கிப்பிடித்திருந்த தென் வியட்நாம் எப்படியும் தப்பாது போலிருக்கிறது என்கிறார் நிக்சன். ஒன்றிரண்டு வருடத்தில் வடக்கு தெற்கை விழுங்கிவிட்டால் நமது வெளியுறவுக் கொள்கை நிற்குமா என்று கேட்கிறார். நிற்கும் என்கிறார் கிசிஞ்சர், தெற்கத்தியரின் கையாலாகாத்தனத்தால் வந்த விளைவு போலத் தெரிந்தால் போதுமாம். மூன்று நான்கு மாதத்தில் விழுந்தால் சரிவராது. ஒன்றிரண்டு வருடம் தாங்குகிற மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும். இந்த ஒக்டோபரில் முடித்துவிட்டால் 1974 ஜனவரிக்குள் யாருக்கும் அக்கறை இருக்காது.

கிசிஞ்சரின் குரல் உயரவே இல்லை. அந்த "1974 ஜனவரி"யை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் அதைச் சொன்ன நேரத்தில், 1973இலும் 1974இலும் சாகப்போகிற பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள், தம்பி. அவர்களுடைய தாய்மாரும் இருந்தார்கள்.

வாயில் வந்த கதை என்றால் ஒரு நாளோடு போயிருக்கும். ஆனால் வெள்ளை மாளிகை அலுவலர்களின் தலைவர் ஹால்ட்மனின் நாட்குறிப்பில், 1970 டிசம்பரிலேயே இதே கணக்கு இருக்கிறது. 1971இல் வியட்நாமிலிருந்து வெளியேறினால் கெட்ட விளைவுகள் தேர்தலுக்கு முன்னரே வந்துவிடும், 1972 இலையுதிர்காலம்தான் நல்லது என்று கிசிஞ்சர் அப்போதே சொல்லியிருக்கிறார். பிறகு நடந்ததைப் பாருங்கள். 1972 ஒக்டோபர் 26இல் சமாதானம் கைக்கெட்டும் தூரத்தில் என்று அறிவித்தார். நவம்பர் 7இல் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். டிசம்பரில் வட வியட்நாம் தலைநகர் ஹனோய் மீது குண்டுமழை. 1973 ஜனவரி 27இல் பாரிஸ் சமாதான ஒப்பந்தம். அந்த வருட நோபல் சமாதானப் பரிசை கிசிஞ்சருக்கும், வட வியட்நாமுக்காகப் பேசிய லெ டுக் தோவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே சமாதானம் வரவில்லை என்று சொல்லி லெ டுக் தோ மறுத்தார். கிசிஞ்சர் ஏற்றுக்கொண்டார். 1975 ஏப்ரல் 30இல் தெற்கின் தலைநகர் சைகோன் விழுந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டு வருடமும் மூன்று மாதமும்.

பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் வராதிருந்தால் நிக்சன் மறுபடி குண்டு போட்டுத் தெற்கைக் காப்பாற்றியிருப்பார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அந்த ஒகஸ்ட் பேச்சில் அவர்களுக்கிருந்த கவலை, பழி யார் தலையில் விழும் என்பதுதான்.

கொழும்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறீர்கள். 1971இல் இந்தியா தன் வான்வழியை மூடியபோது பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டுதான் டாக்காவுக்குப் போயின. அதே மாதங்களில் நிக்சனும் கிசிஞ்சரும் பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹியா கானை நெருக்காமல் விட்டார்கள், சீனாவுக்குத் தூது அவர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் அவருடைய படையின் கையில் வங்காளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

2009 மே மாதம் எனக்கு மறக்காது. எங்கள் பெரியம்மா கலண்டரில் 13ஐயும் 16ஐயும் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தா. 13 தமிழ்நாட்டில் வாக்களிப்பு, 16 இந்தியத் தேர்தல் முடிவு. "அங்க ரிசல்ட் வாறதுக்குள்ள இங்க முடிச்சிடுவினம்" என்று சமையலறையில் நின்று சொன்னா. மே 19 அன்று போர் முடிந்ததாக நாடாளுமன்றத்தில் ஜனாதிபதி அறிவித்தார். பெரியம்மாவின் கணக்குச் சரியா பிழையா என்று பார்க்க எங்களிடம் ஒரு நாடாவும் இல்லை. எங்கள் 2016 தகவல் அறியும் சட்டமும் தேசியப் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு என்றால் கதவைச் சாத்திக்கொள்ள இடம் தருகிறது. அமெரிக்காவிலும் நிக்சன் மனமுவந்து கொடுக்கவில்லை. 1974இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டு, பிறகு காங்கிரஸ் சட்டம் போட்டு வாங்கியதுதான் அந்த 3,700 மணி நேர நாடாக்கள். அதனால்தான் கேட்கிறேன், தம்பி. அதிகாரத்தில் இருக்கிறவர்கள் மரணத்துக்கு எப்படித் திகதி குறிக்கிறார்கள் என்பதை வேறொரு நாட்டு நாடாவிலாவது காதால் கேட்டவர்களுக்குத்தான், இங்கே எந்த அறைக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும்.

அப்பா சொன்னது உண்மை. அதனால் அவரிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். 1987 ஜூலையில் ஊரடங்கை எந்த நாள், எத்தனை மணிக்குப் போட்டார்கள், எப்போது எடுத்தார்கள், பாண் எங்கே கிடைத்தது, இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பற்றி அயலில் என்ன கதைத்தார்கள், எல்லாவற்றையும் திகதியோடு எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கினால் நீங்கள் கேட்டு எழுதுங்கள். கொண்டுவந்தால் நானே தட்டச்சு செய்து தருகிறேன். ஞாயிறு பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அக்கா