வெயிலை மாடியிலேயே மறியுங்கள்
(வீட்டு மராமத்து: வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: வீடு காந்துகிறது. தொண்டி முதல் சாயல்குடி வரை எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு மாதிரி வீட்டுக்கும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ராமநாதபுரம் பாரதி நகரில் 1989-ல் அப்பா கட்டிய வீடு, தரைத்தளம் மட்டும். மாடியில் பதித்த தட்டோடு பாதி பெயர்ந்து கிடக்கிறது. பகலைவிட ராத்திரி பத்து மணிக்குத்தான் படுக்கையறையில் இருக்க முடியவில்லை. ஃபேன் போட்டால் சுடுகாற்று இறங்குகிறது. உள்ளே தெர்மாகோல் வைத்து ஜிப்சம் சீலிங் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா அக்கா?

பதில்: வேண்டாம் தம்பி. காசு கரைந்துவிடும், தளமும் கெடும்.

ராத்திரி பத்து மணிக்கு ஏன் என்று முதலில் பார்ப்போம். சித்திரை பிறக்கிற சமயத்தில் நம் பக்கம் சூரியன் நடுப்பகலில் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. நடுவில் இருக்கிற மாதங்களிலும் உச்சியை விட்டு ரொம்ப விலகுவதில்லை, கொஞ்சம் வடக்கே சாய்கிறது, அவ்வளவுதான். கிழக்குச் சுவருக்குக் காலை வெயில், மேற்குச் சுவருக்கு மாலை வெயில். மாடிக்கு மட்டும் விடிந்ததிலிருந்து அடையும்வரை. நாலைந்து அங்குல கான்கிரீட் அதையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு சாவகாசமாகக் கீழே இறக்குகிறது. உங்கள் ஃபேன் பாவம், தளத்தை ஒட்டிக் கிடக்கிற சூட்டைத்தான் தள்ளிவிடுகிறது.

உள்ளே சீலிங் அடித்தால் அறைக்கு வருகிற சூடு ஓரளவு குறையும், மறுக்கவில்லை. ஆனால் தளம் வெந்துகொண்டேதான் இருக்கும். பகலில் விரிந்து ராத்திரி சுருங்கி, வருடா வருடம் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக ஐப்பசி மழை இறங்கும், உப்புக்காற்றும் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் காரை பெயர்ந்து விழும். சீலிங் அடித்த வீட்டில் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஜிப்சம் பலகையோடு சேர்ந்து தலையில் விழும்போதுதான் தெரியும். போதாததற்குத் தெர்மாகோல் தீப்பிடித்தால் கருகருவென்று புகை கக்குகிற சாமான். அதைப் படுக்கைக்கு மேலே வைப்பானேன்?

வெயிலைத் தளத்துக்கு வெளியே, மேலேயே மறிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சோதனை. ஏணி போட்டு, ஒவ்வொரு அறையிலும் தளத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. டொக் டொக்கென்று பொள்ளலாகக் கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். கம்பி ஓடுகிற வரிசையில் பழுப்புக் கறை தெரிகிறதா, குளியலறைப் பக்கமும் சன்ஷேடிலும் பாருங்கள், முதலில் அங்கேதான் ஆரம்பிக்கும். வட்டங்கள் ஒன்றிரண்டு என்றால் தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பித் துருவை ஒயர் பிரஷால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்கலாம். அறை முழுக்க வட்டம் என்றால் இன்சுலேஷன் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அரித்த தளத்தின் மேல் ஒரு கிலோ பாரம்கூட ஏற்றக்கூடாது.

தளம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர்ந்த தட்டோட்டையும் அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுருக்கியையும் முழுசாகக் கொத்தி எடுத்துவிடுங்கள். பலர் பழசின் மேலேயே இன்னொரு சுருக்கி போடுகிறார்கள். மூன்று அங்குலச் சுருக்கி ஒரு சதுர மீட்டருக்கு 140 கிலோ பக்கம் வரும். ஆள் நடமாடுகிற மாடிக்கு மேல்பாரமாகக் கணக்கில் எடுப்பதே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அப்புறம் தொட்டியை எங்கே வைப்பது, கல்யாணத்துக்குப் பந்தல் எங்கே போடுவது?

கொத்தி எடுத்த பிறகு விரிசல்களை அடைத்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு. இரண்டு நாள் தண்ணீர் கட்டிச் சோதனை. அதன் மேல் எக்ஸ்பிஎஸ் (XPS) என்கிற வெப்பத்தடுப்புப் பலகை. பார்க்கத் தெர்மாகோலின் அண்ணன் மாதிரி இருக்கும், ஆனால் கெட்டி, தண்ணீர் குடிக்காது. டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், ஆள் நடந்தாலே அமுங்கும். பலகையின் மேல் கோழி வலை விரித்து, வாட்டத்தோடு ஒன்றரை அங்குல கான்கிரீட். கடைசியாக வெள்ளை டைல்ஸ், அல்லது உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதிக்கலாம். மேல்கான்கிரீட் சதுர மீட்டருக்கு 90 கிலோ பக்கம் வரும், டைல்ஸ் தனி. பழசைக் கொத்தி இறக்கியதைக் கழித்தால் பாரம் கூடவில்லை, குறையத்தான் செய்கிறது.

பலன் எவ்வளவு என்று கேட்பீர்கள். கூரையின் இரண்டு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் சூடு இறங்குகிறது என்று ஒரு கணக்கு உண்டு. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றரை பக்கம். பெரிய மனைகளில் கட்டுகிற புது வீடுகளுக்கு மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் கொண்டுவந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதிப்படி 1.2-க்கு மேல் போகக்கூடாது. ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் போட்டாலே அது ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். இரண்டு அங்குலம் போட்டால் அரை பக்கம். இதே பலனைச் சுருக்கியில் வாங்க வேண்டுமென்றால் அடிக்கணக்கில் உயரமாகக் கொட்ட வேண்டும்! முதல் அங்குலம்தான் பெரிய வேலையைச் செய்கிறது, கையில் காசு குறைவு என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் எல்லாரும் மறக்கிறார்கள். மாடி மட்டம் மாறினால் மழைக்குழாய் வாயையும் படிக்கட்டு அறை வாசல்படியையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். கொத்தனார் சம்மதித்துத் தலையாட்டுவார். பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: சாயந்திரம் மாடியில் பத்துக் குடம் தண்ணீர் தெளிக்கிறோம். நல்லதுதானே? (உச்சிப்புளி வாசகி)

பதில்: என்ன தண்ணீர் அம்மா? போர் தண்ணீர் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். நம் கரையோரத்து போர் பெரும்பாலும் உவர். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தளத்திலேயே தங்கி உள்ளே இறங்கும். காசு செலவழித்துக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நல்ல தண்ணீர் என்றால், ஒரு குடத்துக்கு வண்டிக்காரரைப் பார்த்து நிற்கிற ஊரில் அதை மாடியில் ஊற்ற எனக்கு மனசு வராது. கான்கிரீட் கலக்கவும் பூச்சு நனைக்கவும்கூட போர் தண்ணீர் ஆகாது, லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

கேள்வி: இப்போதைக்கு வெள்ளையடிக்க மட்டும்தான் வசதி. பயன் உண்டா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: நிறைய உண்டு. பழுத்துப்போன சிமெண்ட் தளம் தன்மேல் விழுகிற வெயிலில் முக்கால்வாசியை விழுங்கும். புதிதாக அடித்த வெள்ளை முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பும். பங்குனி பிறப்பதற்குள் அடித்துவிடுங்கள். தளத்தைத் தேய்த்துக் கழுவி, நீர்த்த சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு மூன்று கை. கச்சான் காற்று கொண்டுவருகிற புழுதியும் வாடை மழைக்குப் பிடிக்கிற கருப்புப் பாசியும் சேர்ந்து வெள்ளையை மங்க வைக்கும், அதனால் வருடம் ஒரு முறை செய்தாக வேண்டும். கூலிங் பெயின்ட் என்று விற்பது இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும், விலையும் அப்படி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதற்கு மேல் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: கீழக்கரையில் உம்மா எனக்குக் கொடுத்த வீடு, அவர்களுடைய உம்மா காலத்தில் கட்டியது. கடல்கல் சுவர், ஒன்றரை அடி கனம். சின்ன வயதில் வீடு குளுகுளுவென்று இருக்கும். நடுவில் சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். காக்கை தொல்லைக்கும் மழைக்கும் முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட் போட்டோம். இப்போது அனல் தாங்கவில்லை, சுவரும் பொரிந்து கொட்டுகிறது. துபாயிலிருக்கும் என் மாப்பிள்ளை, இடித்துவிட்டுப் புதுசு கட்டலாம் என்கிறார்.

பதில்: இடிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வந்த நோயை நீங்களே எழுதிவிட்டீர்கள்: சிமெண்ட், ஃபைபர் ஷீட்.

கடல்கல் என்பது பவளப்பாறை. உடம்பெல்லாம் நுண்துளை. மண்ணிலிருந்து ஏறுகிற ஓதத்தைக் குடித்து, காற்றில் விட்டு, அது பாட்டுக்குக் காய்ந்துகொள்ளும். சுண்ணாம்புப் பூச்சு இதற்கு வழிவிடும். சிமெண்ட் வழியை அடைக்கும். ஈரம் உள்ளேயே தேங்கி, அதிலிருக்கிற உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பிதுக்கித் தள்ளுகிறது. நீங்கள் மறுபடி சிமெண்ட் பூசினால் மறுபடி கொட்டும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகும் நிற்கிற தேவாலயச் சுவரைப் பார்த்திருப்பீர்கள், இதே கல்தான். இனி இந்தக் கல் கிடைக்கவும் கிடைக்காது. 2001-லிருந்து பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, கடலிலிருந்து எடுத்தால் சிறைதான். உங்கள் சுவரை இடித்தால் போனது போனதுதான்.

சிமெண்டைக் கல்லுக்கு அடிபடாமல் உளியால் மெல்லக் கழற்றுங்கள். சுவரை ஒரு கோடைக்குச் சும்மா விடுங்கள், காயட்டும். உதிர்கிற உப்பைத் துடைப்பத்தால் கூட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். அப்புறம் சுண்ணாம்பு. வாங்கி வந்த அன்றே பூசுகிற கொத்தனாரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரமாவது நீரில் ஊறிப் புளிக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் கலந்தால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். கருப்பட்டிக்கு நாம் வேறு ஊருக்கா போக வேண்டும்?

முற்றத்துக்கு வருவோம். அனல் மேலே எழும், அது வெளியேறுகிற புகைபோக்கி உங்கள் முற்றம்தான். அதற்கு மூடி போட்டுவிட்டீர்கள், அதுவும் வெயிலை உள்ளே விடுகிற மூடி. ஷீட்டைக் கழற்றிக் கம்பிவலை போட்டால் காக்கைக்குப் போதும். மழைக்குக் கூரை வேண்டுமென்றே நினைத்தால் ஓரடி, ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு, ஒளி புகாத ஓடோ ஷீட்டோ போடுங்கள்.

மேல்தளம் பற்றி எழுதவில்லை. அந்தக் காலத்து வீடு என்றால் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும். கட்டைகள் சுவருக்குள் நுழைகிற முனையில் கரையான் இருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள். கட்டை திடமாக இருந்தால் வெள்ளைப் பூச்சும், தூண் நட்டுத் தனியாகக் கட்டிய நிழல் வலையும் போதும். கான்கிரீட் ஏற்ற வேண்டாம். உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், இதெல்லாம் சேர்ந்தாலும் புது வீட்டின் அஸ்திவாரச் செலவுக்குப் பக்கத்தில் வராது.

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு. அடியில் வெள்ளிக் காகிதம் மாதிரி ஒன்று ஒட்டினால் குளிருமா?

பதில்: ஒட்டுவதைவிடத் தொங்கவிட்டால்தான் நன்றாகக் குளிரும். அலுமினியத் தாள் வேலை செய்ய, பளபளப்புப் பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். பளபளப்பு கீழே பார்க்கட்டும், மேலே பார்த்தால் தூசி படிந்து வீணாகிவிடும். தாளுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் சேருகிற சூடு போக முகட்டுப் பக்கம் வழி விடுங்கள்.

தாளைக் கட்டுவதற்காக ஷீட்டில் ஓட்டை போடாதீர்கள், அறுக்காதீர்கள், உலர்ந்த நிலையில் சுரண்டவும் வேண்டாம். அந்தத் தூளில் இருக்கிற நார் நுரையீரலுக்கு எமன். கீழே மரச்சட்டம் தனியாக அடித்து அதில் கட்டுங்கள். மேல்பக்கம் வெள்ளையடிக்க வேண்டுமென்றால் நனைத்துவிட்டு, பலகை போட்டு அதன் மேல் உட்கார்ந்து அடியுங்கள். ஷீட்டில் நேரே கால் வைத்து உள்ளே விழுந்தவர்கள் நம் பக்கம் ஏராளம். பனை ஓலை வேய்வதானாலும் பாரம் தனித் தூணில் நிற்க வேண்டும், அடுப்படிப் பக்கம் வேண்டாம். என்றைக்காவது ஷீட்டை மாற்றும்போது சாதாரணத் தகரம் வாங்காதீர்கள். கடல் பக்கத்தில் அலுமினியமும் துத்தநாகமும் பூசின ஷீட்தான் தாக்குப் பிடிக்கும்.

கேள்வி: மண்டபத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. ஒன்றரை டன் ஏசி வாங்கலாமா, மாடி வேலையை முடித்துவிட்டு வாங்கலாமா?

பதில்: மாடிதான் முதலில். அதற்குப் பிறகு ஒரு கோடையை ஓட்டிப் பாருங்கள். பகலில் கச்சான் அனலாக அடிக்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள், பொழுது சாய்ந்து கடல்காற்று வந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அப்படியும் ஏசி வேண்டுமென்றால் அநேகமாக ஒரு டன்னே போதும். வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல் மறுபக்கம் மாட்டுங்கள். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்.