பயோடெக் மாணவர் கேள்வி – பதில்

கணக்கு வராது என்பதால்தான் உயிரியல் பக்கம் வந்தேன். இங்கே ஒவ்வொரு செய்முறை வகுப்பும் கணக்கில்தான் தொடங்குகிறது. எவ்வளவு தெரிந்தால் சமாளிக்கலாம்?
– முதலாண்டு மாணவி

மோலார் கரைசல், நீர்த்தல், அலகு மாற்றம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த மூன்றும் பிசகாமல் வந்தால் போதும். மூன்றுமே பள்ளிக் கணக்குதான். தவறு நடப்பது பெரும்பாலும் கணக்கில் அல்ல, அதைச் செய்முறையாக்கும் இடத்தில்.

1 மோலார் ட்ரிஸ் (பி.எச். எளிதில் மாறாமல் காக்கும் தாங்கல் பொருள்), 500 மி.லி. வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரிஸின் மூலக்கூறு எடை 121.14. ஒரு லிட்டரில் அத்தனை கிராம் இருந்தால் 1 மோலார். அரை லிட்டருக்கு அதில் பாதி, 60.57 கிராம் எடுக்க வேண்டும். பலரும் அதை 500 மி.லி. தண்ணீரில் கொட்டிவிட்டு பி.எச். சரிசெய்யப் போகிறார்கள். அமிலம் சேரச் சேரக் கொள்ளளவு 500-ஐத் தாண்டிவிடும், செறிவு குறைந்துவிடும். 400 மி.லி.யில் கரைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 8.0-க்குக் கொண்டுவந்து, கடைசியில் தண்ணீர் விட்டு 500 ஆக்குங்கள். அமிலம் விட்டதும் கரைசல் சூடாகும். ஆறும்வரை காத்திருங்கள். ட்ரிஸின் பி.எச். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 0.03 இறங்கும். 35 டிகிரியில் 8.0 காட்டிய கரைசல் 25 டிகிரிக்கு ஆறியதும் 8.3 பக்கம் போய் நிற்கும்.

நீர்த்தலில் கவனிக்க வேண்டியது அலகு. ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கின் கையிருப்புக் கரைசல் ஒரு மி.லி.க்கு 100 மில்லிகிராம், பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்தில் வேண்டியது ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆகவே 200 மி.லி. ஊடகத்துக்கு 200 மைக்ரோலிட்டர். கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதி, அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் மிஞ்சும் அலகு பொருந்தாவிட்டால் விடையும் தவறுதான். இன்னொன்று: ஊடகம் 50–55 டிகிரிக்கு ஆறிய பிறகே ஆம்பிசிலினைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் அகாரில் விட்டால் மருந்து சிதைந்து, எல்லா பாக்டீரியாவும் வளர்ந்துவிடும்.

பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல நகல்களாகப் பெருக்கும் வினை) செய்து ஜெல் ஓட்டினால் ஒன்றும் தெரிவதில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?
– இரண்டாமாண்டு மாணவர்

முதலில் உங்கள் மாதிரியைப் பார்க்காதீர்கள், அளவுக்கோடுகள் இருக்கும் லேடரைப் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் கோளாறு ஜெல்லில். சாயம் சேர்க்க மறந்திருக்கலாம், அல்லது மின்முனைகளை மாற்றிக் கொடுத்திருக்கலாம். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னேற்றம், நேர்முனையை நோக்கித்தான் ஓடும். கிணறுகள் கறுப்பு முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் டி.என்.ஏ. பின்பக்கமாக ஓடி, ஜெல்லைச் சுற்றியுள்ள தாங்கல் கரைசலில் கலந்துவிடும்.

லேடர் தெரிகிறது, ஏற்கெனவே வேலை செய்யும் என்று உறுதியான டி.என்.ஏ. இட்ட நேர்க்கட்டுப்பாட்டுக் குழாயில் பட்டை இல்லை என்றால், கோளாறு வினைக்கலவையிலோ வெப்பச் சுழற்சியிலோ இருக்கிறது. டி.என்.ஏ.வை நகலெடுக்கும் டாக் நொதிக்கு ஆயிரம் காரஇணைக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் நீட்சி நேரம் வேண்டும். 1,500 காரஇணைத் துண்டுக்கு 30 விநாடி கொடுத்தால் பட்டை வராது. ஒட்டும் வெப்பநிலையை பிரைமரின் (நகலெடுப்பு தொடங்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டு) உருகுநிலைக்கு 5 டிகிரி கீழே வைத்துத் தொடங்குங்கள்.

நேர்க்கட்டுப்பாடு வந்து, மாதிரி மட்டும் வராவிட்டால் உங்கள் டி.என்.ஏ.வைச் சந்தேகியுங்கள். 260/280 விகிதம் (இரு அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலின் விகிதம்) 1.8 பக்கம் இருக்க வேண்டும், நன்றாகக் குறைந்தால் புரதமோ பீனாலோ கலந்திருக்கிறது. மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போட்டுப் பாருங்கள். நொதியைத் தடுக்கும் பொருள்களும் சேர்ந்து நீர்த்துப்போவதால், வராத பட்டை பல நேரம் வந்துவிடும்.

டி.என்.ஏ. சேர்க்காத குழாயில் பட்டை வந்தால்தான் உண்மையான ஆபத்து. அந்த நாளின் எந்த முடிவையும் நம்ப முடியாது. திறந்திருக்கும் தண்ணீரையும் பிரைமரையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். முடிந்த வினைக்குழாய்களைக் கலவை தயாரிக்கும் மேசையில் திறக்கவே கூடாது. மாதிரிகள் அதிகம், குழாய் போதவில்லை என்று மாணவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்தக் குழாயைத்தான். ஒரு மாதிரியைக் குறைத்துக்கொள்ளுங்கள், இதை விடாதீர்கள்.

பைப்பெட்டையும் சொல்ல வேண்டும். 25 மைக்ரோலிட்டர் வினைக்கு 0.25 மைக்ரோலிட்டர் நொதியை யாராலும் சரியாக எடுக்க முடியாது. எட்டுக் குழாய் என்றால் ஒன்பதுக்கான பொதுக்கலவையை மொத்தமாகத் தயாரித்துப் பங்கிடுங்கள். நொதி பாதிக்குப் பாதி கிளிசராலில் இருக்கும், கலவையின் அடியில் போய்த் தங்கும். மெல்லக் கலக்கிவிட்டு நொடிநேரம் சுழற்றுங்கள். எடுக்கும்போது முதல் நிறுத்தம் வரை மட்டும் அழுத்த வேண்டும். இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும். நுனியை ஆழமாக முக்கினால் வெளிப்புறத்தில் ஒட்டும் நொதியும் சேர்ந்து வரும்.

பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தும் தேர்வில் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் எழுத வரவில்லை.
– இரண்டாமாண்டு மாணவி

வெள்ளைத் தாளில் படமாக வரைந்து, ஒவ்வொரு உறுப்பையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுப் படியுங்கள். நீலம்–வெள்ளைத் தேர்வை (துண்டு நுழைந்த பிளாஸ்மிடைக் காலனியின் நிறத்தால் கண்டறிவது) எடுத்துக்கொள்வோம். பி.யூ.சி.19 என்ற பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் இருக்கும் வளைய டி.என்.ஏ.) 2,686 காரஇணைகள். வெட்டும் இடங்கள் லாக்-இசட் மரபணுப் பகுதிக்குள் இருக்கின்றன. அங்கே துண்டு நுழைந்தால் நொதி உருவாகாது, சிதைந்தால் நீலம் தரும் எக்ஸ்-கால் சிதையாது, காலனி வெள்ளை. இது எல்லோரும் எழுதுவது. துண்டே நுழையாமல் வெள்ளைக் காலனி வருமா? வரும். வெட்டிய முனையில் ஓரிரு காரங்கள் அரிக்கப்பட்டு ஒட்டினால் வாசிப்புச் சட்டகம் (காரங்களை மும்மூன்றாக வாசிக்கும் ஒழுங்கு) பிறழ்ந்து நொதி கெடும். துண்டு நுழைந்தும் நீலம் வருமா? சிறிய துண்டு, சட்டகம் மாறாமல், நடுவில் நிறுத்தக் குறியன் இல்லாமல் நுழைந்தால் வரலாம். இந்த இரண்டுக்கும் சொந்த வாக்கியத்தில் பதில் வந்துவிட்டால் அந்தப் பாடம் உங்களுடையது.

நிரல் எழுதக் கற்க வேண்டுமா?

கற்றுக்கொள்ளுங்கள், பைத்தான் அல்லது ஆர், ஏதாவது ஒன்று. மூன்றாம் ஆண்டுக்குள் ஒரு வரிசைக் கோப்பைத் திறந்து அதில் ஜி, சி காரங்களின் விழுக்காட்டைக் கணக்கிடவும், ஓர் அட்டவணையிலிருந்து வரைபடம் போடவும் வந்தால் இளநிலைக்குப் போதும்.

இறுதியாண்டுத் திட்டத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. தாவரத் திசு வளர்ப்பு செய்ய ஆசை. சரியாக வருமா?
– இறுதியாண்டு மாணவர்

வரும், ஆனால் ஒரு சோதனையை எத்தனை முறை திரும்பச் செய்ய நேரம் இருக்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள். ஈ. கோலை சாதகமான ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இன்று பிழைத்தால் நாளை மறுபடி செய்யலாம். திசு வளர்ப்பில் காலஸ் (உருவமில்லாத செல் திரள்) தெரியவே சில வாரம் ஆகும். அதற்குள் பூஞ்சை பிடித்தால் அந்த வாரங்கள் போனவைதான்.

எனவே முதல் இரண்டு வாரத்தையும் கிருமி நீக்கத்துக்கே ஒதுக்குங்கள். ஹார்மோன் செறிவுகளை அப்புறம் பார்க்கலாம். ஹைப்போகுளோரைட்டில் இலைத்துண்டை 5, 10, 15 நிமிடம் என மூன்று விதமாக வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சுத்தமாகவும் உயிரோடும் நிற்கின்றன என்று எண்ணுங்கள். நேரம் குறைந்தால் பூஞ்சை, கூடினால் திசு வெளுத்துச் சாகும். தாவரத் திசு வளர்க்கும் எம்.எஸ். ஊடகத்தின் பி.எச். 5.8. அகார் சேர்க்கும் முன்பே அதைச் சரிசெய்து, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். திசு வைக்காத சில குப்பிகளையும் கூடவே அலமாரியில் வையுங்கள். அவற்றிலும் பூஞ்சை வந்தால் தவறு ஊடகத்திலோ கையாளும் முறையிலோ இருக்கிறது. வராவிட்டால் கிருமி இலையோடு வந்தது.

ஒரே குப்பியை மூன்று முறை அளப்பது மூன்று மறுசெய்கை ஆகாது. தனித்தனிச் செடிகளிலிருந்து எடுத்த துண்டுகளே மறுசெய்கை. வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படக்கூடிய கேள்வியும் இதுதான். எந்தத் துண்டு எந்தச் செடியுடையது என்று குப்பியிலேயே முதல் நாளே எழுதிவிடுங்கள்.