பார்டர் படம் சேர்த்ததும் பிளேபேக் நிற்பது ஏன்?

காரைக்குடிக் கல்யாண வீடியோவில் ஆத்தங்குடிக் கல் டிசைன் பார்டரைச் சேர்த்ததும் வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோ திக்கி நின்று பிழை காட்டுகிறது என்கிறீர்கள். வீடியோவைச் சந்தேகப்பட வேண்டாம், அந்தப் படத்தைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குச் செய்த கோப்பு பெரும்பாலும் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நிற முறை) நிறத்தில் இருக்கும். பிரீமியருக்கு அது ஆகாது. அளவும் பூதம்தான். 6000×4000 பிக்சல் படம் டிஸ்கில் 5 எம்பி என்றாலும், விரியும்போது மெமரியில் சுமார் 96 எம்பி பிடிக்கும். 1920×1080 படத்துக்கு 8 எம்பி சொச்சம் போதும்.

போட்டோஷாப்பில் ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை), 8 பிட்டுக்கு மாற்றி, அகலத்தை 1920 ஆக்கி, பிஎன்ஜியாகச் சேமியுங்கள். வளவுத் (வீட்டு முற்றத்துத்) தரைப் படத்தில் ஜூம் போவதானால் 3840 வையுங்கள். அப்புறம் புராஜெக்ட் பேனலில் பழைய படத்தை வலது கிளிக் செய்து ‘ரீப்ளேஸ் ஃபுட்டேஜ்’ கொடுங்கள். போட்ட அனிமேஷன் போகாது. ஸ்கேலை மட்டும் திருத்த வேண்டியிருக்கும்.