ஒரு கரண்டி சாம்பல் போதும்: அஸ்தியும் நினைவுப் பொருளும் – கேள்வி பதில்

பீங்கான் சூளை வைத்துப் பதினெட்டு ஆண்டுகளாகின்றன. அம்மா காலமானபோது அவருடைய அஸ்தியில் கொஞ்சம் எடுத்து ஒரு விளக்கு செய்தேன். அதைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டாருக்கும் செய்து தரக் கேட்டார்கள். அப்படி வந்தவர்களின் கேள்விகளும் என் பதில்களும் இவை.

அப்பா வைத்த மாமரத்தடியில் அவருடைய சாம்பலைப் போடலாமா? மரம் செழிக்கும் என்கிறார்கள். (திருச்சி வாசகர்)

அப்படியே கொட்டிவிடாதீர்கள். அஸ்தி பெரும்பாலும் எலும்பின் கால்சியம் பாஸ்பேட். காரத்தன்மை மிக அதிகம், உப்பும் உண்டு. ஒரே இடத்தில் குவித்தால் வேர் கருகிவிடும். பெரியவர் ஒருவரின் அஸ்தி சாதாரணமாக 2 முதல் 3 கிலோ வரும். அதில் ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்து, இரண்டு கூடை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, மரத்தின் நிழல் விழும் விளிம்பைச் சுற்றிப் பரப்புங்கள். வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். புதுக் கன்று நடும் குழியில் போடவே வேண்டாம். அந்தக் கன்று பட்டுப்போய், அப்பாவை இரண்டாம் முறை இழந்ததுபோல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1964இல் நேருவின் அஸ்தியில் ஒரு பிடியைக் கங்கையில் கரைத்துவிட்டு, பெரும்பகுதியை விமானத்திலிருந்து வயல்களின் மேல் தூவினார்கள். உயிலில் அவர் எழுதிவைத்திருந்த விருப்பம் அது. பரவலாகத் தூவுவதுதான் மண்ணுக்கும் நல்லது.

அஸ்தியைப் பிரிக்கவே கூடாது என்று பெரியப்பா கோபப்படுகிறார். (மதுரை வாசகி)

அவர் கோபத்தில் அன்பு இருக்கிறது, வாதாடாதீர்கள். 1948இல் காந்தியின் அஸ்தியைப் பல கலசங்களாகப் பிரித்துத்தான் நாடெங்கும் அனுப்பினார்கள். கன்னியாகுமரியில் அவற்றில் ஒரு கலசத்தை வைத்த இடத்தில் இன்று மண்டபம் நிற்கிறது. அக்டோபர் 2 நண்பகலில் சூரிய ஒளி அந்த இடத்தில் விழுமாறு கட்டியிருக்கிறார்கள். பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் அஸ்தி முழுவதையும் கரைத்துவிடுங்கள். போனவர் உழுத வயலின் மண்ணிலும் விளக்கு செய்யலாம். எனக்கு அது குறைந்ததாகத் தோன்றியதில்லை.

பீங்கானில் சாம்பலை எப்படிச் சேர்க்கிறீர்கள்? சாப்பாட்டுத் தட்டு செய்யலாமா? (கோவை வாசகர்)

தட்டு வேண்டாம். உணவு படும் பரப்பில் நான் சேர்ப்பதில்லை. விளக்கு, பூச்சாடி, சுவரில் பதிக்கும் ஓடு ஆகியவை செய்யலாம்.

நம் ஊர் மின் தகன மேடைகளில் எலும்பைப் பொடியாக்கித் தருவதில்லை. மண் கலயத்தில் துண்டுகளாகவே தருவார்கள். அவற்றை வெள்ளைத் துணியில் பரப்பி, கரி ஒட்டாத வெண்மையான துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்குவோம். கல்லுரலில் இட்டால் காய்ந்த சுண்ணாம்பைப் போல உதிரும். சலித்து, ஒரு கரண்டி எடுத்து, பீங்கான் மேல் பூசும் கிளேஸில் கலந்து 1,250 டிகிரி செல்சியஸில் சுட்டால் பாலேட்டின் வெண்மை வரும். முதல் விளக்கில் ஆசைப்பட்டு மிகுதியாகச் சேர்த்துவிட்டேன், கிளேஸ் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. அதையும் வைத்திருக்கிறேன்.

வீட்டார் வந்து தாங்களே இடிக்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. போன மாதம் வந்த ஒரு மகன் அரை மணி நேரம் குழவியைத் தொடவே இல்லை. கடைசியில் அவரே இடித்து, உரலின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துக் கொடுத்தார்.

சாம்பலை வைரமாக்கித் தருவதாக விளம்பரம் பார்த்தேன். உண்மையா? (பெங்களூரு வாசகி)

உண்மைதான். மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரிமத்தை வைரமாக்குகிறார்கள். ஆனால் தகனத்தில் கரிமம் பெரும்பாலும் எரிந்துபோய்விடும். சாம்பலில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். தலைமுடியிலிருந்தும் எடுக்கலாம். எதிலிருந்து எவ்வளவு எடுக்கிறார்கள், வெளிக் கரிமம் சேர்க்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள். செலவு அதிகம். கடன் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை.

அம்மாவின் அஸ்தியை டொரண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் கரைக்கக் கொண்டுபோக வேண்டும். பித்தளைக் கலசம் வாங்கிவிட்டோம். (கனடா வாசகர்)

பித்தளை வீட்டிலேயே இருக்கட்டும். உலோகத்தை எக்ஸ்ரே ஊடுருவாது. உள்ளே இருப்பது தெரியாவிட்டால் விமான நிலையத்தில் அனுமதிக்க மாட்டார்கள், மரியாதைக்காகத் திறந்தும் பார்க்க மாட்டார்கள். மரப்பெட்டியில் இறுக மூடி, கைப்பையில் வையுங்கள். இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும். விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். அஸ்தி கரைக்கும் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வெறும் பெட்டியோடு திரும்புவது கஷ்டமாக இருக்கும் என்றால், புறப்படும் முன்பே ஒரு கரண்டி எடுத்துவைத்துவிடுங்கள்.

கரைக்கும்போது எந்தக் கலயம் நல்லது? (ஈரோடு வாசகர்)

சுடாத பச்சை மண் கலயம். பவானி கூடுதுறைக்கு அருகிலேயே இருக்கிறீர்கள். தண்ணீரில் வைத்ததும் நெகிழ்ந்து, அஸ்தியோடு தானும் கரைந்துவிடும். பிளாஸ்டிக் பையையும் துணியையும் ஆற்றில் விடாதீர்கள். குயவரிடம் நாலு நாள் முன்னதாகச் சொல்லிவையுங்கள். நிழலில்தான் உலர வேண்டும், வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.