பைஃபோகலா, புரோகிரஸிவா? நாள் முழுக்கத் திரை பார்ப்பவருக்கு எந்தக் கண்ணாடி?

கேள்வி: எனக்கு வயது 50. ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. பைஃபோகல் கண்ணாடியில் பில், வவுச்சர் எல்லாம் படிக்க முடிகிறது. கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கத்தான் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் கழுத்து வலி. சீட்டில் ‘ஆட் +2.00’ என்று இருக்கிறது. கடையில், நீல ஒளியைத் தடுக்கும் ‘புளூ கட்’ போட்ட புரோகிரஸிவ் வாங்கச் சொல்கிறார்கள். விலை மூன்று மடங்கு. வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கழுத்து வலிக்கான காரணம் உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. ‘ஆட்’ என்பது படிப்பதற்காகச் சேர்க்கும் கூடுதல் பவர். அது +2.00 என்றால், பைஃபோகலில் கோட்டுக்குக் கீழே உள்ள பகுதி வழியாக ஏறக்குறைய 50 செ.மீ. வரைதான் தெளிவாகத் தெரியும் (100-ஐ 2-ஆல் வகுத்த கணக்கு). மானிட்டரோ பெரும்பாலும் 60, 70 செ.மீ. தள்ளி இருக்கும். மேல்பகுதி பஸ் போர்டு படிக்கத்தான் சரிவரும். திரை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதால், நீங்கள் தாடையைத் தூக்கி முகத்தை முன்னால் நீட்டி அந்த இடைவெளியைச் சமாளிக்கிறீர்கள்.

புரோகிரஸிவில் கோடு கிடையாது. மேலிருந்து கீழாகப் பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். பிரான்ஸில் பெர்னார் மெட்னாஸ் உருவாக்கிய இந்த வகை, 1959-ல் வேரிலக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. திரைக்கான பவரும் இதில் உண்டு. ஆனால் அது லென்ஸின் நடுவே ஒரு குறுகலான பாதை. அதன் இரண்டு ஓரங்களிலும் மங்கலும் நெளிவும் இருக்கும். கோடில்லாமல் பவரை மாற்றினால் இது வந்தே தீரும். விலை கூடின டிசைனில் குறையுமே தவிர, போகாது. பத்துப் பதினைந்து நெடுவரிசை உள்ள எக்ஸெல் ஷீட்டை அந்தப் பாதை வழியாகப் பார்த்தால், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலையைத் திருப்ப வேண்டும். மானிட்டர் உயரமாக இருந்தால் தாடையும் தூக்கத்தான் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது ஆபீஸ் லென்ஸ். கையில் இருக்கும் தாளிலிருந்து திரை வரைக்கும், அதற்குக் கொஞ்சம் அப்பாலும் அகலமாகத் தெரியும். மேஜையில் மட்டும் போடுங்கள். தூரம் மங்கும் என்பதால் வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது. வெளியே போக இப்போதைய பைஃபோகலே போதும். இரண்டு கண்ணாடி மாற்றுவது தொல்லை என்றால் புரோகிரஸிவ் வாங்கலாம், தப்பில்லை. மானிட்டரை மட்டும் கீழே இறக்கி வையுங்கள்.

எது வாங்கினாலும், வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைக்கு எத்தனை செ.மீ. என்று டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். புரோகிரஸிவ் என்றால், கடைக்காரர் நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபிரேமை உங்கள் முகத்தில் மாட்டி, ஒவ்வொரு கண்மணிக்கும் நேராகத் தனித்தனியாக அளவெடுக்க வேண்டும். அதைச் செய்யாத கடையில் புரோகிரஸிவ் வாங்காதீர்கள். நல்ல லென்ஸ்கூட ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் தலை சுற்றும். உயரம் குறைந்த ஃபிரேமும் வேண்டாம். படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

புளூ கட்? அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், சாதாரண லென்ஸைவிட இது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. திரை பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைகிறது. எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அந்தப் பணத்தில் நல்ல ஆன்டி-ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் போட்டுக்கொள்ளுங்கள். டியூப்லைட் வெளிச்சம் லென்ஸில் அடிப்பது குறையும்.

அப்புறம் ஒன்று. புரோகிரஸிவ் கைக்கு வந்ததும் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு லென்ஸிலும் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு மெல்லிய குறிகள் பொறித்திருக்கும். காதுப் பக்கக் குறிக்குக் கீழே ஆட் பவரும் இருக்கும். அது சீட்டோடு ஒத்துப்போகிறதா, இரண்டு குறிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழக ஓரிரு வாரம் ஆகலாம். அதற்கு மேலும் தடுமாற்றம் இருந்தால், அந்தக் குறிகளை வைத்து அளவைச் சரிபார்க்கும்படி கடையில் கேளுங்கள்.