வேகம் பிறகு, திசை முதலில்

கேள்வி: கணவரின் வேலைக்காக இங்கிலாந்தில் கம்ப்ரியா மாவட்டத்துக்கு வந்து, டஃப்டன் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பாலிதீன் கூடாரம் போட்டு மிளகாய், கத்தரி வைத்திருக்கிறேன். வானிலைச் செயலியில் 'காற்று மணிக்கு 18 மைல், கஸ்ட் 38' என்று வந்தது, ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு நாளும் கிட்டத்தட்ட அதே எண்தான், ஆனால் கூடாரம் பிய்ந்துவிட்டது. எச்சரிக்கையும் வரவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?
- ஒரு வாசகி, கம்ப்ரியா

பதில்: 18 என்பது சராசரி. திறந்தவெளியில், தரைக்கு 10 மீட்டர் உயரத்தில், 10 நிமிடத்துக்குக் கணக்கிடுவது. 38 என்பது நடுநடுவே சில நொடி வந்து மோதும் வீச்சு. கூடாரத்தைக் கிழிப்பது அந்த வீச்சுதான். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும், அதனால் சராசரியை விட்டுவிட்டு கஸ்ட் எண்ணையே பாருங்கள்.

ஆனால் உங்கள் ஊருக்கு இந்த இரண்டையும்விட முக்கியம் திசை. இங்கிலாந்தில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வரும். வடகிழக்கிலிருந்து வரும் நாளில் உங்கள் பக்கம் கதையே வேறு, ஏனென்றால் ஊருக்குக் கிழக்கே பென்னைன் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. அதில் கிராஸ் ஃபெல் 893 மீட்டர். மலைக்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல் படுத்திருந்தால், கிழக்கிலிருந்து ஏறிவரும் குளிர்காற்றுக்கு மேலே போக வழியில்லை, செங்குத்தான மேற்குச் சரிவில் பாய்ந்து இறங்குகிறது. ஏரி நிரம்பிக் கலிங்கில் வழியும் தண்ணீர் அடிவாரத்தில் சீறிப் பாய்ந்து, கொஞ்சம் தள்ளி எழும்பிப் புரளுமே, அப்படித்தான். சரிவில் டஃப்டன், மில்பர்ன் போன்ற கிராமங்களில் மரம் ஆடும், சில மைல் தள்ளிப் பள்ளத்தாக்கில் காற்றே இருக்காது, சில நேரம் எதிர்த்திசையில்கூட மெல்ல வீசும். இதற்கு ஹெல்ம் காற்று என்று பெயர். பிரிட்டனில் தனிப்பெயர் உள்ள ஒரே காற்று இதுதான் என்பார்கள். 1930களின் பிற்பகுதியில் கார்டன் மேன்லி என்ற வானிலை ஆய்வாளர் பக்கத்து மலையான கிரேட் டன் ஃபெல் மேல் கருவிகளை வைத்து, பனியிலும் குளிரிலும் ஏறி இறங்கி இதை அளந்தார். எவ்வளவு பொறுமை வேண்டும் அதற்கு!

செயலி இதை ஏன் தவறவிடுகிறது? பிரிட்டன் வானிலைத் துறையின் நுட்பமான கணினிக் கணிப்பு மாடல்கூட நாட்டை சுமார் 1.5 கி.மீ. கட்டங்களாகத்தான் பிரித்துப் பார்க்கிறது. மலைச்சரிவின் ஒவ்வொரு மடிப்பும் அதில் தெரியாது. எச்சரிக்கையும் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் தானாக வருவதில்லை, எவ்வளவு பாதிப்பு, எவ்வளவு சாத்தியம் என்று இரண்டையும் எடைபோட்டுத் தருகிறார்கள். நாலைந்து கிராமத்தை மட்டும் அடிக்கிற காற்றுக்கு மிகக் குறைந்த நிலையான மஞ்சள் எச்சரிக்கைகூட வராமல் போகலாம்.

திசை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2021 நவம்பர் 26 அன்று வந்த ஆர்வென் புயலைச் சொல்லலாம். நார்தம்பர்லாந்தில் பிரிஸ்லி வுட்டில் மணிக்கு 98 மைல் வீச்சு பதிவானது. மேற்குக் காற்றுக்குப் பழகி வேர்விட்ட மரங்கள் வடக்கிலிருந்து வந்த அடியில் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: திசையில் 'என்.இ.' (NE, வடகிழக்கு) என்று இருந்தால் எண் சின்னதாக இருந்தாலும் உஷாராகிவிடுங்கள், அதுவும் பின்பனிக்காலத்திலும் வசந்தத்திலும். அந்த எழுத்து காற்று வரும் பக்கத்தைச் சொல்கிறது, பல செயலிகளில் அம்புக்குறியோ அது போகும் பக்கத்தைக் காட்டும், குழம்ப வேண்டாம். காலையில் மலையைப் பாருங்கள். உச்சியில் தொப்பிபோல் ஒரு மேகம், அதற்கு இணையாகப் பள்ளத்தாக்கின் மேல் நகராமல் நீளமாக இன்னொரு மேகம், நடுவில் வெளிச்சமான இடைவெளி என்றிருந்தால் கூடாரத்தின் கதவை உடனே சாத்திவிடுங்கள், உள்ளே புகும் காற்றுதான் அதைத் தூக்கும். அப்புறம், மலைப்பக்கமாக வேலி போடுவதென்றால் கெட்டிச் சுவர் வேண்டாம், அதைத் தாண்டி விழும் காற்று சுழன்று அடிக்கும். காற்றில் பாதியை உள்ளே விடும் வலையோ புதர்வேலியோ போதும்.